நம் கல்லூரியின் லெஃப்ட் கார்னர் தேறுவானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இன்றைய தொழில்துறையும் இளம் பொறியாளரும்'. அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டு, நான் கபடியைப் பற்றிப் பேசப்போகிறேன். "கபடியா? சரி, பதினைந்து நிமிஷத்துல முடிச்சுடு" என்று சொல்லியிருக்கிறார். முடித்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். சென்ற தை மாதம் சாலவாக்கம் பக்கத்தில் ஒரு மின்னொளி கபடிப் போட்டி. நம் கல்லூரிப் பையன்கள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நம் அணியில் லெஃப்ட் கார்னரில் நின்ற பையன் அன்று அரை டஜன் பேரைக் காலைப் பிடித்துக் கவிழ்த்தான். ஊரே விசில் அடித்தது. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவனிடமும் அவன் அப்பாவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். இந்த அரங்கத்திலேயே ஏதோ ஒரு தூண் மறைவில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆட்டம் முடிய ராத்திரி ஒரு மணி. அவன் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். "தம்பி, நீங்க இந்தக் காலேஜுக்கு ஆடுனவராமே. கடைசி வருஷம் பீஸ் கட்டணும். இவன் இன்னாடான்னா படிப்ப விட்டுட்டுக் கபடிக்கே போறேன்னு நிக்கிறான். டிவியில ஆடுறாங்களே, அந்த ஆட்டத்துக்கு இவன் தேறுவானா மாட்டானா? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

'நல்லா ஆடறாங்க, பெரிய ஆளா வருவான்' என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். "ஒரு ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்லக் கூடாதுங்க. நாலு மாசம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு வேலை ஒரகடத்தில், வாகன உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். பதினைந்து வருஷமாகப் பாஸா, ரிஜெக்டா என்று சொல்வதுதான் என் சம்பளம். ஆனால் அந்தப் பாடத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது தொழிற்சாலை அல்ல, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகப் போய்ப் பார்த்ததுதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகலாம், யார் பெயர் போகக் கூடாது என்பதற்குத்தான் கல்வெட்டில் முக்கால்வாசி இடம். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று தகுதி கொஞ்சம். தகுதியின்மைப் பட்டியல்தான் நீளம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவனுடைய உறவுக்காரனும் வரக் கூடாது என்று போகிறது. அதாவது முதலில் ரிஜெக்ஷன் லிஸ்ட், அப்புறம்தான் செலக்ஷன்.

இன்னொன்றும் இருக்கிறது. 919-இல் எழுதிய முதல் கல்வெட்டில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டே வருஷத்தில், 921-இல், அதை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றி மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே இரண்டு வருஷத்தில் திருத்திய ஊர் நம் ஊர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் ஆடின காலத்தில் கபடிக்காரனுக்கு இருந்த ஒரே கதவு டிபார்ட்மெண்ட் டீம்தான். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போனால் வாழ்க்கை செட்டில். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கி, மறு வருஷம் அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் மாதிரி ஆட்கள் அந்தத் தலைமுறை. 2014-இல் புரோ கபடி லீக் வந்ததும் கதை மாறியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் ரைடர் இல்லை, ஈரான் நாட்டு லெஃப்ட் கார்னர் ஃபஸல் அத்ராச்சலி. 2023 ஏலத்தில் இன்னொரு ஈரான்காரர், பிடியில் பேர் வாங்கிய முகமதுரெசா ஷாத்லூ, இரண்டு கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்குப் போனார். நம்ம ஊர் டீக்கடையில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஆனால் அதே ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை ஒன்பது லட்சம். அதற்கும் கை தூக்க ஆளில்லாமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான் அதிகம். அவர்கள் பேரை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.

சரி, பையனிடம் வருகிறேன். நான்கு மாதத்தில் அவன் ஆடிய ஆறு ஆட்டங்கள் பார்த்தேன். நாலு மேட்டில், இரண்டு மண்ணில். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு முயற்சியையும் குறித்தேன். என் மனைவி, "ஆபீஸ்லதான் இது, ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

மொத்தம் 29 தடவை பிடிக்கப் போனான். 13 பிடி விழுந்தது. கைதட்டல் அந்தப் பதின்மூன்றுக்கு. நான் மீதிப் பதினாறைப் பார்த்தேன். பிடி நழுவினால் என்ன ஆகிறது? எதிரிக்கு ஒரு புள்ளி, நம் ஆள் வெளியே. அதோடு நின்றால் பரவாயில்லை. கார்னர் காலைப் பிடித்ததும் பக்கத்தில் 'இன்'னில் நிற்பவனும் கவரும் பாய்வார்கள். ரைடர் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டால் அத்தனை பேரும் அவுட். இவனுடைய பதினாறில் ஐந்து தடவை அப்படி இரண்டு பேர் போனார்கள். பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. பதின்மூன்று சம்பாதித்து இருபத்தொன்று கொடுத்திருக்கிறான். லீக்கில் நல்ல கார்னர்களே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றுதான் பிடிக்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கினால் பிடிக்கப் போகாமல் நிற்பதே அணிக்கு லாபம்.

இதோடு நோட்டை மூடியிருந்தால் ரிஜெக்ட் முத்திரை குத்தியிருப்பேன். ஆனால் தரக் கட்டுப்பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஐட்டம் ஃபெயில் ஆனால் எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில் என்று பிரித்துப் பார்ப்போம். அப்படிப் பிரித்தேன். இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். 'டூ ஆர் டை' என்கிறார்களே, அது. அந்த ரைடுகளில் மட்டும் இவன் ஒன்பது தடவை போய் ஏழு பிடித்திருக்கிறான். மற்ற ரைடுகளில் இருபதுக்கு ஆறு.

ஏன் என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். மூன்றாவது ரைடில் ரைடர் இவனைத் தேடி வந்தே ஆக வேண்டும். இவன் சும்மா நின்றால் போதும். மற்ற ரைடில் ரைடருக்கு முப்பது செகண்டும் சொந்தம். போனஸ் கோட்டில் கட்டை விரலை நீட்டுவான், இழுப்பான், ஆசை காட்டுவான். இவன் பொறுக்காமல் முந்திப் பாய்வான். அதற்கு 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று பேர். கமெண்டரியில் கேட்டிருப்பீர்கள். ஆக, இவன் கையில் பிடி இருக்கிறது, காலில் வேகம் இருக்கிறது, பொறுமைதான் இல்லை. முதல் இரண்டும் இல்லாதவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது பழக்கத்தில் வரக்கூடியது.

நோட்டில் எழுத வராத இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அதைச் சொல்வதற்குமுன், அன்று ராத்திரி எனக்கு ஏன் வாய் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2009. நான் கல்லூரி அணியின் கேப்டன். எங்களிடம் இரண்டு கார்னர்கள். லெஃப்ட்டில் ஒருத்தன், ரைட்டில் ஒருத்தன். லெஃப்ட் ஆள் பறந்து விழுந்து பிடிப்பான், ஃபோட்டோவில் வருவான். ரைட் ஆள் ஒரு ஆட்டத்தில் இரண்டு பிடி பிடித்தால் ஜாஸ்தி. ஒரு டிபார்ட்மெண்ட் அணியின் கோச் நம் கிரவுண்டுக்கு வந்திருந்தார். ஒரு ஆளைத்தான் முகாமுக்கு எடுக்க முடியும் என்றார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டு, "கேப்டன், தினமும் கூட ஆடுறவன் நீ. ரெண்டு பேர்ல யாரு?" என்று கேட்டார். நான் அந்த வருஷத்துப் பிடிக் கணக்கைச் சொன்னேன். லெஃப்ட் ஆள் பேரைச் சொன்னேன். அவன் போய் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான்.

ரைட் ஆள் ஏன் இரண்டு பிடிதான் பிடித்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவன் பக்கம் ரைடர்கள் போகவே மாட்டார்கள். ஒரு ஆட்டத்தில் அவன் பிடித்த இரண்டு பேருக்குப் பிறகு, மீதி நேரம் முழுக்க எதிரி மறுபக்கத்திலேயே பாடிவிட்டுப் போவான். அவன் பக்கம் போகாததால்தான் லெஃப்ட்டில் அத்தனை பேர் வந்து மாட்டினார்கள். லெஃப்ட் ஆளின் கணக்கில் பாதி இவன் சம்பாதித்தது. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, டிவியில் லீக் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று இது புரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை. ஒரு அரசு வேலை. நான் சொன்ன ஒரு பேரில் கை மாறிப் போனது.

அந்த ரைட் கார்னர் இப்போது நெல் அறுவடை மெஷின் வைத்து ஓட்டுகிறார். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை. போன வாரம்தான் போன் பண்ணி இதைச் சொன்னேன். பதினாறு வருஷம் கழித்து. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எனக்கு அப்பவே தெரியும்டா. கோச்சு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றான். இத்தனை வருஷம் அதைத் தெரிந்துகொண்டே என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியிருக்கிறான். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மேடையில் சொல்லட்டுமா என்றேன். "சொல்லு, அந்தப் பையனுக்காவது ஆவும்" என்றான்.

இப்படித் தவறுவது நான் மட்டும் இல்லை. வேலை விஷயமாக ஒரு வருஷம் அமெரிக்காவில் மிச்சிகனில் இருந்தேன். அங்கே அவர்கள் ஃபுட்பால் என்று ஆடுவது நம் கால்பந்து இல்லை, அதில் லைன்பேக்கர் என்று ஒரு இடம் உண்டு. நம் கவர், கார்னர் வேலையேதான். வருகிறவன் எந்தப் பக்கம் வெட்டப்போகிறான் என்று படித்து, மோதி நிறுத்த வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களை வருஷா வருஷம் இண்டியானாபோலிஸில் ஒன்றுகூட்டி, நாற்பது கஜம் ஓடவிட்டு, 225 பவுண்டு எடையைத் தூக்கச் சொல்லி அளக்கிறார்கள். அந்த ஆட்டத்திலும் சாம் மில்ஸ் என்று ஒருவரைத் தவறவிட்டார்கள். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த இடத்துக்கு அது குள்ளம். 1981-இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை, முயற்சித்துப் பார்த்த அணிகளும் கழித்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு வேறொரு சின்ன லீக்கில் ஆடி, 1986-இல் பெரிய லீக்குக்கு வந்து பன்னிரண்டு பருவம் ஆடினார். 2022-இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பேர் ஏறியது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

நம் பக்கத்தில் தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க்காரர், ரைட் கார்னர். புரோ கபடி தொடங்கும்போதே அவருக்கு வயது முப்பத்தொன்பது. எந்த ஃபார்மில் வயதைப் போட்டாலும் கம்ப்யூட்டர் தள்ளிவிடும். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது கேப்டன் அவர்தான். அதே வருஷம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் ஆட்டத்தைத் தம்பிகள் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். கவர் இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2022 பருவத்தில் தமிழ் தலைவாஸ் முதன்முறை அரையிறுதிக்குப் போனபோது ஆடிய எம். அபிஷேக் இருக்கிறார், 2024 மார்ச்சில் கோப்பை வாங்கிய புனேரி பல்தான் அணியின் அபினேஷ் நடராஜன் இருக்கிறார். இரண்டு பேரும் தமிழ்நாட்டுப் பையன்கள்தான்.

ஆகவே நோட்டில் வராத அந்தச் சமாச்சாரம், ரைடர் யாரைத் தவிர்க்கிறான் என்பது. நம் பையனை ரைடர்கள் தவிர்க்கிறார்களா? இல்லை. தேடி வருகிறார்கள். ஆசை காட்டினால் பாய்வான் என்று தெரிந்துபோய்விட்டது. இதை அவனிடம் சொன்னபோது முகம் சுண்டிப்போனது. நாலைந்து நாள் என் போனை எடுக்கவில்லை.

அடுத்து உடம்பு. உயரம் ஐந்தடி ஏழு, எடை 68 கிலோ. சீனியர் ஆண்களுக்கு எடை வரம்பு 85. அதை ஒட்டி நிற்கிற ரைடர் லாபியில் இடித்தால் 68 கிலோ தாங்காது. ஏழெட்டுக் கிலோ ஏற்ற வேண்டும், தொப்பையாக இல்லை, தொடையில். மண்ணில் ஆடிப் பழகினவன், மேட்டில் ஷூ போட்டு ஆடும்போது பாதம் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் அப்படித்தான் அறுகிறது. அறுவை செய்தால் ஒரு வருஷம் போய்விடும். மூன்றாவது ஆட்டத்தில் இவன் வலது முழங்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கோச்சிடம் சொல்லவில்லை, மறைத்துவிட்டான். எனக்குக் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது, கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது. முழங்காலை மறைக்கிற ஆட்டக்காரனை எந்த அணியும் நம்பாது. செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினோம். நல்ல வேளை, வெறும் சுளுக்கு.

இப்போது அவன் அப்பாவுக்கு நான் சொன்ன பதில். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

"இன்னைக்குத் தேற மாட்டான். டிவியில ஆடுற ஏழு பேர்ல ஒருத்தனா இன்னைக்கு நிக்க முடியாது. ஆனா கழிச்சுடறதுக்கும் இல்லீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும். லீக்குக்கு எடுப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். டிபார்ட்மெண்ட் டீமுக்கு வர்றதுக்கு வழி இருக்கு."

"அப்ப படிப்பு?" என்றார்.

இந்த இடத்தில்தான் பையன்கள் கணக்குத் தப்புகிறார்கள். படிப்பை விட்டால் கபடிக்கு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கல்லூரியை விட்டால் பல்கலைக்கழக அணி போயிற்று. 2023 ஏலத்தில், கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணிகளின் இருபத்திநான்கு பேரையும் ஏலப் பட்டியலில் நேரடியாகச் சேர்த்தார்கள். கல்லூரி அடையாள அட்டை இருப்பவனுக்கு மட்டும் திறக்கிற கதவு அது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக இருக்கிறது. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு ஒதுக்கீடு மூன்று சதவீதம், அதற்கும் பட்டம் இருந்தால் ஒரு படி மேலேதான் உட்காரலாம். கடைசி வருஷ பீஸைக் கபடிச் செலவாகவே நினைத்துக் கட்டுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். கட்டியும்விட்டார்.

பையன் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. "அண்ணா, நீங்க நோட்டுல எழுதுறது எனக்குப் புரியுது. ஆனா ரைடர் காலு முன்னால வந்தா கை தானாப் போவுது, நான் இன்னா பண்றது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நான் கவரில் ஆடினவன். அது கார்னரில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வரிசை நீலச் சட்டையிடம் கேட்டேன். அறுவடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நம் கிரவுண்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் முழுக்கப் பையனைப் பிடிக்கவே விடவில்லையாம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கார்னரில் நிற்க மட்டும் சொன்னானாம். ரைடு போக ஆள் போதவில்லை. இங்கே பழைய ரைடர்கள் ஏழெட்டுப் பேரைப் பார்க்கிறேன், தொப்பை இருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். மேட் வாங்குவதைப் பற்றிச் செயலாளர் அண்ணன் பொதுக்குழுவில் பேசுவார். இரண்டு வருஷம் கழித்து நடக்கும் சந்திப்பில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.